கோழி விஷயமாக ஒரு பாவசங்கீர்த்தனம்

நான் நன்றாகப் பொய் சொல்வேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் கொஞ்சம் பெருமையும் உண்டு. மீட்டர் படிக்கிற வேலை எனக்கு. கடைவீடு, கம்பம் என்கிற கிராமத்து வீடு, அடுக்குமாடி என்று ஏறி இறங்கித் தண்ணீர் மீட்டரையும் மின்சார மீட்டரையும் பார்த்துக் குறித்துக்கொண்டு வர வேண்டும். அந்த வேலைக்குக் காலைவிட வாய்தான் முக்கியம். குரைக்கிற நாயை நாய்க்காரியிடம் புகழ வேண்டும். பில் ஏறிவிட்டது என்று சண்டைக்கு வருகிறவரிடம் அவர் வீட்டு ஐஸ்பெட்டியைக் குறை சொல்ல வேண்டும். அப்படிப் பழகிய வாய் வீட்டுக்கு வந்த பிறகு மட்டும் சும்மா கிடக்குமா? கிடக்கவில்லை. நான் சொன்னதிலேயே பெரிய பொய்யை ஏழு வயது மகளிடம்தான் சொன்னேன்.

எழுபதுகளின் கடைசியில் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருந்தோம். கீழே குழாயடிக்குப் பக்கத்தில் மகள் ஒரு கோழி வளர்த்தாள். தேக்கா மார்க்கெட்டில் அழுது அடம்பிடித்துக் குஞ்சாக வாங்கியது. செத்துவிடும், இரண்டு நாளில் மறந்துவிடுவாள் என்று நினைத்துத்தான் வாங்கிக் கொடுத்தேன். அது சாகவில்லை. தின்று கொழுத்துப் பெரிய கோழியாகி, குளிக்கப் போகிறவர்களையெல்லாம் கொத்தியது. அவள் அதற்குப் பெயர் வைக்கவில்லை. "கோழி" என்றுதான் கூப்பிடுவாள். அதுவும் வரும்.

அப்போதுதான் ஆங் மோ கியோவில் எங்களுக்கு வீடு கிடைத்தது. ஒன்பதாவது மாடி. அங்கே கோழிக்கு இடமில்லை என்று அவளுக்கும் புரிந்தது. மார்சிலிங் பக்கம் கம்பத்தில் இருக்கிற என் வேலைக் கூட்டாளி வீட்டில் கோழியை விடுவதாக ஏற்பாடு. அது நிஜமான ஏற்பாடுதான், சத்தியமாக. வீடு மாறுகிற அன்று காலையில் கோழியைப் பிரம்புக் கூடையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன். கண்டக்டர் ஏற்ற மாட்டேன் என்றார். அடுத்த பஸ்ஸின் கண்டக்டரும் அதையே சொன்னார். வீட்டு வாசலில் சாமான் ஏற்றிய லாரிக்காரன் கத்திக்கொண்டிருந்தான். எனக்குக் கோபம் வந்தால் யோசனை போய்விடும். நேரே தேக்காவுக்குள் நுழைந்து, தெரிந்த கோழிக்கடைக்காரரிடம் கூடையோடு நீட்டினேன். வெட்டித் தரவா என்று கேட்டார். வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். கோழிக்கடைக்காரர் கோழியை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாதா என்ன?

சாயங்காலம் புது வீட்டில் மகள் கேட்ட முதல் கேள்வி, கோழிக்கு அந்த இடம் பிடித்ததா என்பது. ரொம்பப் பிடித்துவிட்டது என்றேன். அங்கே இன்னும் ஆறு கோழிகள் இருக்கின்றன, போன உடனேயே ஒரு சேவலை மிரட்டிவிட்டது என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் நான் கெட்டுப்போனேன்.

என் மனைவி ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி, அதாவது நர்ஸ். பாதி நாள் மதியம் போய் ராத்திரி வருகிற டியூட்டி. நான் நாலு மணிக்கு வந்தால் பிள்ளை என் பொறுப்பு. சோறு போட்டு, ஸ்பெல்லிங் கேட்டு, கீழே விளையாடக் கூட்டிப் போய்விட்டு வந்தால், "இன்னைக்குக் கோழி என்ன பண்ணிச்சு?" என்று மடியில் ஏறி உட்காருவாள். கோழி தினமும் ஏதாவது பண்ணியது. ரப்பர் மரத்தில் ஏறி இறங்கத் தெரியாமல் விழித்தது. கூட்டாளியின் மாமியார் செருப்பில் முட்டை போட்டது. ஒரு நாள் நானே முட்டைகள் வாங்கி வந்து, கோழி கொடுத்தனுப்பியது என்று சொல்லிவிட்டேன். அவள் அதில் ஒன்றைத் தின்ன மறுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தாள். மறுநாள் விரிப்பைத் துவைத்தவள் என் மனைவி. அவளுக்கு நடந்ததெல்லாம் தெரியும்.

"நல்லா மாட்டிக்கிட்டு முழிக்கப் போறீங்க. அன்னைக்குப் பாத்து நான் டியூட்டிக்குப் போயிருவேன்" என்றாள்.

அந்த வருடம் மகளுக்குப் புதுநன்மை. முதல் தடவையாக நற்கருணை வாங்குவது. அதற்கு முன்னால் முதல் பாவசங்கீர்த்தனம், அதாவது சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது. கோவிலில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த டீச்சர் நல்ல கண்டிப்புக்காரர். அவர் சொன்னதையெல்லாம் எங்கள் வீட்டில் உடனே நடத்திப் பார்த்துவிடுவாள் மகள். இஸ்திரிப் பலகையைத் தாழ்த்தி வைத்தால் பீடம். தோளில் வெள்ளைத் துண்டு. சீனர் கடையில் காகிதத்தில் சுருட்டி விற்கிற சிவப்பு வில்லை மிட்டாய்தான் நற்கருணை. வந்திருக்கும் ஜனங்கள் நானும் மூன்று பொம்மைகளும். பொம்மைகள் ஒழுங்காக இருந்தன. நான்தான் பூசை நேரத்தில் பேசுகிறேன் என்று பிரசங்கத்தில் என்னைச் சொல்லாமல் சொல்லித் திட்டுவாள். பொம்பளைப் பிள்ளை சாமியாராக முடியாதே என்று அம்மா சொன்னதற்கு, இந்த வீட்டில் வேறு யார் ஜெபம் ஒழுங்காகச் சொல்கிறார்கள் என்று கேட்டாள்.

பாவசங்கீர்த்தனத்துக்கு இடம் படுக்கையறை ஜன்னல். நடைபாதைப் பக்கம் திறக்கிற, கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய ஜன்னல். சாமியார் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருப்பார். நான் வெளியே பொது நடைபாதையில், வருகிறவர் போகிறவர் பார்க்க, முழங்கால் போட வேண்டும். பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மாள் முதல் நாள் என்னை அந்தக் கோலத்தில் பார்த்துத் திடுக்கிட்டுப் போனார். மறுநாள் லிஃப்டில், பொண்டாட்டி வீட்டுக்கு வெளியே தள்ளிப் பூட்டிவிட்டாளா என்று அவருக்குத் தெரிந்த மலாயில் மெதுவாகக் கேட்டார். நான் விளக்கப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த மலாயில் பாவசங்கீர்த்தனத்துக்கு வார்த்தை இல்லை. அதிலிருந்து என் மனைவியைப் பார்த்தால் அந்த அம்மாள் தனி மரியாதையோடு வழிவிடுவார்.

நான் சொன்ன பாவமெல்லாம் விளையாட்டுப் பாவம். சூப்பர்வைசரை மனதுக்குள் திட்டினேன், பலாப்பழத்தில் பெரிய சுளையை எடுத்துக்கொண்டேன், இந்த மாதிரி. சாமியார் ஒரு 'அருள் நிறைந்த மரியே'யும் பத்து தடவை தோப்புக்கரணமும் பரிகாரமாகக் கொடுப்பார். ஒரு விஷயத்தில் மட்டும் அவள் விளையாடவே மாட்டாள். ஜன்னலில் கேட்டதைச் சாமியார் வெளியே வந்து பேசக் கூடாது, கேட்டமாதிரியே காட்டிக்கொள்ளவும் கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்தார். அதனால் பலாச்சுளையைப் பற்றி அப்புறம் நானே பேச்செடுத்தாலும், என்ன பலாச்சுளை என்று என்னையே திருப்பிக் கேட்பாள்.

ஜூன் மாத ஸ்கூல் விடுமுறை வந்தது. விடுமுறையில் கோழியைப் போய்ப் பார்க்கலாம் என்று ஜனவரியிலேயே வாக்குக் கொடுத்து வைத்திருந்தேன். ஜூன் ரொம்பத் தூரத்தில் இருந்தது அப்போது. ஜூன் வந்ததும் மழை என்றேன். கோழி அடைகாக்கிறது, தொந்தரவு செய்யக் கூடாது என்றேன். குஞ்சு பொரித்திருக்குமே, இப்போது போகலாமே என்றாள். நான் விட்ட கயிற்றிலேயே என்னைக் கட்டிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து மார்சிலிங் போவது என்று முடிவானது. சனிக்கிழமை மத்தியானமே ஒரு பால் டின்னில் அரிசியை நிரப்பி, மூடியைப் போட்டு, வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

கூட்டாளி வீட்டில் ஏதாவது ஒரு கோழியைக் காட்டிவிடலாமா என்று யோசித்தேன். அவள் கூப்பிடுவாள். அது வராது. இனி இந்தப் பிள்ளை நான் சொல்கிற எதையும் நம்பாது என்று நினைத்தபோது பயமாகவே இருந்தது. என் பேச்சை உலகத்தில் அப்படியே நம்பியது அவள் ஒருத்திதான்.

மனைவி சொன்னபடியே அன்று டியூட்டிக்குப் போய்விட்டாள். சாயங்காலம் மகள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். அடுத்த வாரம் அவளுக்கு நிஜமான பாவசங்கீர்த்தனம், பழகிப் பார்க்க வேண்டுமாம். நான் நடைபாதையில் முழங்கால் போட்டேன். ஐஸ்பெட்டியில் இருந்த கேக்கைத் தின்றேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"சாமி, நான் ஒரு சின்னப் பிள்ளைகிட்ட பொய் சொல்லிட்டேன்."

கண்ணாடிப் பட்டைகளின் இடைவெளியில் அவள் கால்கள் மட்டும் தெரிந்தன. கட்டிலிலிருந்து தொங்கி ஆடிக்கொண்டிருந்தன.

"எத்தனை தடவை, மகனே?"

"தினமும். ஆறு மாசமா."

என்ன பொய் என்று சாமியார் கேட்டார். சொன்னேன். பஸ், கண்டக்டர், லாரி, தேக்கா, எல்லாவற்றையும் சொன்னேன். முட்டைகளையும் சொன்னேன். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. பாதியிலேயே கால்கள் ஆடுவது நின்றிருந்தது. நான் முடித்தேன். விளையாட்டு முடிந்துபோயிற்று என்று நினைத்தேன்.

"அந்தப் பிள்ளையோட கோழி இப்ப இல்லையா?" என்றார் சாமியார்.

"இல்லை, சாமி."

கால்கள் இரண்டும் கட்டிலுக்கு மேலே ஏறிக்கொண்டன.

"மூணு அருள் நிறைந்த மரியே சொல்லு. அப்புறம் உன் மகள்கிட்ட நேராப் போயிச் சொல்லு. சமாதானமாப் போ, மகனே."

ஜன்னலுக்குள் துண்டு அசைந்தது. சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறாள் என்று தெரிந்தது. அப்புறம் துண்டைக் கழற்றி நான்காக மடித்தாள். பூசை முடிந்தால் உடுப்பை மடித்து வைக்க வேண்டும் என்பது அவளுடைய சட்டம். நான் மூன்று ஜெபத்தையும் என் வாழ்நாளில் சொல்லாத அளவுக்கு மெதுவாகச் சொன்னேன்.

அவள் நடைபாதைக்கு வந்து, வாசல்படியில், அரிசி டின்னுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நானும் போய் உட்கார்ந்தேன்.

"என்ன அப்பா?" என்றாள்.

உனக்குத்தான் எல்லாம் தெரியுமே என்றேன்.

"எனக்கு என்ன தெரியும்? நீங்க இன்னும் ஒண்ணும் சொல்லலையே."

முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் கேட்காத பிள்ளையின் முகமாகவே வைத்திருந்தாள். ஜன்னல் வழியாக ஒரு தடவை சொன்னது சுலபம். பெற்ற பிள்ளையின் கண்ணைப் பார்த்துக்கொண்டு அதையே மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன், பஸ்ஸிலிருந்து ஆரம்பித்து. கயிறு திரித்தே பழகிய வாய் அன்று நாலு வார்த்தைக்கு ஒரு தடவை தடுக்கியது. கோழிக்கடைக்காரரிடம் கூடையை நீட்டினேன் என்று சொன்னபோது அவள் உதடு பிதுங்கியது. பிறகு அழுதாள். அடிபட்ட பிள்ளை அழுகிற அழுகை. பக்கத்து வீட்டு அம்மாள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாமியார் அழக் கூடாது என்று அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்திருக்கிறாள். பரிகாரம் கொடுத்து, ஆசீர்வாதம் கொடுத்து, துண்டை மடித்து வைத்துவிட்டு, அழுவதற்காக என்னிடம் வந்திருக்கிறாள். எனக்கும் அழுகை வந்தது. நான் அடக்கவில்லை.

அழுது முடித்து மூக்கை என் சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

"சாமிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"மன்னிச்சுட்டாரா?"

"மன்னிச்சுட்டாரும்மா."

"அது அவரு வேலை லா. நான் இன்னும் மன்னிக்கலை."

எப்போது மன்னிப்பாய் என்று கேட்டேன். உள்ளே போய்ச் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்து, புதன்கிழமை என்றாள். நான் சரி என்றேன்.