கிட்டாரில் காணாமல்போன கூர்மை

சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில், பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் பம்புகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வாரக் கடைசியில் கல்யாண மண்டபங்களில் கிட்டார் வாசிப்பேன். என்ன தொழில் என்று கேட்டால் முதலாவதைத்தான் சொல்வேன். ஆனால் ஷிப்டில் நிற்கும்போதும் மனம் இரண்டாவதில்தான் கிடக்கும்.

கிட்டார்காரர்களோடு பழகாதவர்களுக்கு எங்கள் கிறுக்கு விளங்காது. தந்தியை மீட்டும் சின்ன பிளாஸ்டிக் வில்லையை பிக் என்போம். அது மயிரிழை தடித்தாலும் டோன் மாறிவிடும் என்று சத்தியம் செய்வோம். கிட்டாரிலிருந்து, ஒலியைப் பெருக்கும் ஆம்ப் பெட்டிக்குப் போகும் ஒயர் நீளமாக இருந்தால் உச்ச ஒலியெல்லாம் வழியிலேயே கரைந்துவிடும் என்போம். தந்திக்குக் கீழே இருக்கும் காந்தத்தைத் திருகாணியால் கொஞ்சம் உயர்த்துவோம், கேட்போம், இறக்குவோம், மறுபடி உயர்த்துவோம். இதில் பாதி உண்மை. மீதியை நாங்களே நம்பிக்கொள்கிறோம்.

அந்த வருடம் என் கிட்டாரின் டோன் மங்க ஆரம்பித்தது. திடீரென்று இல்லை. பக்கத்து ஊரான மாசாயில் எங்கள் பேஸ் கிட்டார்காரன் வீட்டுக் கார் போர்ச்சில்தான் எப்போதும் பயிற்சி. அவன் என் பள்ளித் தோழன், தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்துவிட்டு வருபவன். ஒரு நாள் அங்கே வாசித்துக்கொண்டிருந்தபோது, ஆம்ப்மேல் யாரோ ஈரத்துணியைப் போர்த்தியது போல இருந்தது. மெல்லிய தந்திகளில் ஒரு மினுக்கம் இருக்கும். அதைக் காணோம்.

தந்தி பழசாகிவிட்டது என்று புதுத் தந்தி போட்டேன். போதவில்லை. நிக்கல் தந்தியை விட்டுவிட்டு ஸ்டீல் தந்திக்கு மாறினேன், அது இன்னும் கூராகப் பேசும் என்பார்கள். பிறகு ஒயரைக் குட்டையாக்கினேன். அதனால் ஆம்ப்பை ஒட்டியே நின்று வாசிக்க வேண்டியிருந்தது. காந்தத்தைத் தந்தி உரசும் அளவுக்கு உயர்த்தினேன். பிக்கின் முனையை உப்புத்தாளில் தேய்த்து ஊசியாக்கினேன். ஆம்ப்பில் உச்ச ஒலியைக் கூட்டும் டிரெபிள் குமிழ் அதற்குமேல் திரும்ப இடமில்லாத இடத்துக்கு வந்து நின்றது.

"மச்சான், கொஞ்சம் கொறைடா," என்றான் தோழன். "தகரத்துல ஆணி கீறுற மாதிரி இருக்கு."

"பேஸ் கேட்டுக் கேட்டு உன் காது கெட்டுப்போச்சு," என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நம்பினேன்.

கீபோர்டு வாசிக்கும் பெண் தமிழ்ப் பள்ளி ஆசிரியை. தன் நாற்காலியை ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். ஒரு கல்யாணத்தில் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் நான் வாசிக்கும்போதெல்லாம் காதில் கையை வைத்துக்கொண்டிருந்தார். கைப்பேசியில் பேசுகிறார் என்று நினைத்தேன்.

வீட்டிலும் நிலைமை சரியில்லை. என் மனைவி ஒரு துணிக்கடையில் சூப்பர்வைசர். நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, சமைத்துக்கொண்டே அன்று நடந்ததையெல்லாம் சொல்வாள். அந்த மாதங்களில் அந்தப் பேச்சு குறைந்துபோனது. அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன். கிட்டார் நினைப்பிலேயே இருந்ததால் அதை அதிகம் யோசிக்கவும் இல்லை.

எங்கள் தொழிற்சாலையில் வருடா வருடம் காது பரிசோதனை உண்டு. ஒரு வேன் வரும். அதற்குள் ஒரு சின்ன அறையில் ஹெட்ஃபோனை மாட்டி உட்கார வைப்பார்கள், மெல்லிய சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். அந்த முறை நான் உட்கார்ந்தே இருந்தேன். எதுவும் வரவில்லை. மெஷின் இன்னும் ஆரம்பிக்கவில்லை போலிருக்கிறது என்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பரிசோதிக்கும் மலாய்ப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி ஒருமுறை செய்தாள். பிறகு, "டாக்டரைப் பாருங்க அபாங், தள்ளிப்போடாதீங்க," என்று அண்ணன் முறை வைத்து மலாயில் சொன்னாள்.

வெளியே வந்து மோட்டார் ஷெட்டில் நின்றேன். கம்ப்ரெசர் பிரிவில் எங்களோடு ஒருவர் வேலை செய்கிறார். பல வருட இரைச்சலில் காது போய்விட்டது. யார் என்ன சொன்னாலும் சிரிப்பார். சாவுச் செய்தி சொன்னாலும் முதலில் சிரித்துவிட்டுப் பிறகுதான் முகத்தைப் பார்ப்பார். எனக்கு அந்தச் சிரிப்புதான் நினைவில் வந்துகொண்டிருந்தது. ஒயரும் தந்தியும் எந்தக் குற்றமும் செய்யவில்லை என்பது அப்போதே விளங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"எவ்வளவு நாளா கேக்கலங்க?"

"தெரியல. கிட்டார்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு என்னோடு கிளினிக்குக்கு வந்தாள். டாக்டர் ஓர் இளம் தமிழ்ப் பெண். விளக்கு வைத்த குழாயால் இரண்டு காதையும் பார்த்தார். என் காதருகே வந்து, உரக்கக் கேட்டார்.

"வேலையில காதுக்கு ஃபோம் பிளக் போடுவீங்களா, அண்ணா?"

"ஷிப்ட் முழுக்க போடுவேன் டாக்டர். காது போயிடக் கூடாதுன்னுதான்."

"போடணும், தப்பில்ல. ஆனா உங்க காதுல அழுக்கு கொஞ்சம் அதிகம். பிளக் வைக்க வைக்க அது உள்ள போய் நல்லா இறுகிடுச்சு. செவிப்பறையே எனக்குத் தெரியல."

"அழுக்க எடுத்துட்டா கேக்குமா?"

"எடுத்தப்புறம்தான் சொல்ல முடியும். சொட்டு மருந்து தரேன். ஊறட்டும். அடுத்த வாரம் வாங்க, கழுவி எடுத்திடலாம்."

அந்த வாரம் மோசமான வாரம். மருந்தில் ஊறி அழுக்கு உப்பி, அடைப்பு இன்னும் அதிகமானது. தண்ணீருக்கடியில் நடப்பது போல இருந்தது. கிட்டாரை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. எடுத்து, எதுவும் கேட்காமல் போய்விட்டால்?

மறுபடி கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் வெதுவெதுப்பான தண்ணீரைப் பீச்சினார். தலைக்குள் அருவி விழுந்தது. வலது காதில் ஏதோ பொளக்கென்று விட்டது. அவ்வளவுதான், உலகம் ஒரு பக்கமாக உள்ளே நுழைந்தது. கட்டிலில் விரித்திருந்த காகிதம் என் தொடைக்குக் கீழே சரசரத்தது. இடது காதும் திறந்தபோது, டாக்டர் இடுக்கியைத் தட்டில் வைத்த சத்தத்துக்கு எனக்குத் தோள் தூக்கிப்போட்டது.

"செவிப்பறை நல்லா இருக்கு," என்றார். இந்த முறை மெதுவாகத்தான் பேசினார். ஒவ்வொரு எழுத்தும் வந்து சேர்ந்தது. தலையை ஆட்டினேன்.

காரில் ஏறியதும் மனைவி சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஒன்னு சொல்லட்டுமா? நான் பேசுறது உங்களுக்குப் புடிக்கலன்னு நெனச்சேன். கூப்புட்டாலும் திரும்ப மாட்டீங்க. சரி, நம்ம பேச்சு சலிச்சிருச்சு போலன்னு விட்டுட்டேன்."

"எனக்குக் கேக்கவே இல்லமா."

"இப்ப தெரியுதுலா." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "நான் என்னென்னமோ யோசிச்சிட்டேன்."

வீடு போய்ச் சேரும்வரை, மாதக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த துணிக்கடைக் கதைகளையெல்லாம் சொன்னாள். நான் ஒன்றையும் தவறவிடவில்லை.

வீட்டுக்குப் போனதும் கிட்டாரை எடுத்து ஆம்ப்பில் செருகி ஒரு தட்டு தட்டினேன். அலமாக். பல்லெல்லாம் கூசியது. தகரமும் ஆணியும் என்று தோழன் சொன்னது மரியாதைக்குச் சொன்னது. மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்தாள்.

"இதத்தான் நாங்க இத்தன நாளா கேட்டோம்," என்றாள்.

தொழிற்சாலை மறுபரிசோதனைக்கு என்னை வெளியே ஒரு மையத்துக்கு அனுப்பியது. ஹெட்ஃபோனில் கொசு பாடுவது போல ஒரு சத்தம் எங்கோ தூரத்தில் எழுந்தது. அழுத்தினேன். இன்னும் மெல்லியதாக ஒன்று. அதற்கும் அழுத்தினேன். உச்ச ஒலிகளில் வயதுக்கேற்ற தேய்மானம் கொஞ்சம் இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். மோட்டாரை எடுக்குமுன் கம்ப்ரெசர் நண்பருக்கு ஒரு செய்தி அனுப்பினேன். அவருடைய காது கழுவினால் சரியாகிற வகை இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒருமுறை டாக்டரைப் பார்த்து, காதுக் கருவி பற்றியாவது கேட்கச் சொன்னேன். கட்டைவிரலை உயர்த்திய படத்தைப் பதிலாக அனுப்பினார்.

அந்த வாரப் பயிற்சியில் காந்தத்தை இறக்கினேன். நிக்கல் தந்தியைப் போட்டேன். ஊசி பிக்கைக் குப்பையில் எறிந்தேன். முதல் பாட்டு முடிந்ததும் கீபோர்டு ஆசிரியை காதிலிருந்து எதையோ எடுத்தாள். பஞ்சு.

"எத்தன வாரமா?" என்று கேட்டேன்.

"கேக்காதீங்க, அண்ணா," என்றாள். தோழன் போர்ச் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அடுத்து பெக்கான் நானாஸில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் நல்ல கூட்டம், நடுவில் டிரம்ஸ் அதிர்ந்துகொண்டிருந்தது. பாட்டின் நடுவே தோழன் என் பக்கம் சாய்ந்து, உதட்டைக்கூட சரியாகத் திறக்காமல் முணுமுணுத்தான்.

"மச்சான், பந்தியில ஆட்டுக்கறி தீரப்போவுது. சரணத்த ஒரு தடவையோட முடி."

டிரம்ஸ் சத்தத்தையும் மீறி அது முழுசாகக் கேட்டது. முடித்தேன்.