வீட்டுக்குப் போகும்போது மட்டும்

பொழியூர்க் கடற்கரையிலிருந்து நடந்தே வந்து, நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஆயா வேலை பார்த்தவள் பெர்த்தா. பதினோரு வருஷமாக மலச்சட்டி எடுத்து, வார்டு கழுவி, ஊசிகளைக் கொதிக்க வைப்பது அவள் பாடு. கம்பவுண்டர் சதாசிவனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருக்கும்போதே ஒரே ஊசியைப் பஞ்சில் துடைத்து நாலு பேருக்குக் குத்திவிடுவார்.

"வெள்ளம் திளைக்கட்டும் சாரே" என்பாள், தண்ணீர் கொதிக்கட்டும் என்று.

"நீயாக்கும் இங்க டாக்டரு?" என்று அவர் சிரிப்பார். டாக்டரும் கூடச் சிரிப்பார்.

தமிழ் பேசும் தாலூக்காக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு ஊர்வலமும் போலீஸ் அடியுமாக இருந்த வருஷம், பாறசாலை வட்டாரத்தில் காலரா பரவியது. ஒரே வாரத்தில் வடக்கு வார்டு நிறைந்தது. நர்ஸ் விஜயம்மாவே படுத்து, செத்துப் பிழைத்தாள்.

அதோடு சிரிப்பு நின்றது. சாயங்காலம் வீட்டுக்குப் புறப்படுமுன் சதாசிவன் முழங்கை வரை சோப்புப் போட்டுத் தோல் சிவக்கத் தேய்த்தார். இப்போதாவது புத்தி வந்ததே என்று பெர்த்தா முதலில் சந்தோஷப்பட்டாள். பிறகுதான் கவனித்தாள். சோப்பு அலமாரிக்குப் பூட்டு, சாவி சதாசிவனிடம். நோயாளிகளுக்குத் துணை வந்தவர்களுக்கு ஒரு துண்டு சோப்பு கிடையாது. காலரா வார்டிலிருந்து பிரசவ வார்டுக்குப் போகிறவர்கள் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனார்கள்.

பிரசவ வார்டில் உதியன்குளங்கரை அம்மிணிக்கு ஆண் குழந்தை பிறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. நாலாம் நாள் அவளுக்கு வாந்தியும் கழிச்சலும் கண்டது. மறுநாள் மத்தியானம் இறந்துபோனாள்.

அவள் புருஷன் பொன்னப்பன் பிள்ளையை ஏந்திக்கொண்டு வராந்தாவில் நின்றான். அவனிடம்தான் சதாசிவன், காலராப் பழியை ஊர்வலம் போன போராட்டக்காரர்கள் மேல் போட்டுச் சொன்னார்: "சமரக்காரங்க ஊர் ஊரா ஜாதா போறானுவ இல்லியா? அவனுவ கொண்டுவந்த தீனமாக்கும்."

பெர்த்தா குறுக்கே வந்து நின்றாள்.

"அம்மிணி எந்த ஜாதாவுக்குப் போனா சாரே? கட்டில விட்டு எறங்கினாளா? அந்த வார்டில இருந்து நேரே வந்து, அதே கையால நீங்க மருந்து கலக்கிக் குடுத்திய. நான் பாத்தேன். வீட்டுக்குப் போவும்போ ஒங்களுக்கு சோப்பு உண்டு. ஒங்க பிள்ளையளுக்குத் தீனம் வரப்பிடாது. இந்தப் பிள்ளைக்குத் தாய் வேண்டாமா?"

"எடீ, வேலை போவும், கேட்டியா?"

"போனாப் போவட்டு. சாவியத் தாருங்க."

அவர் தரவில்லை. பெர்த்தா விறகு வெட்டும் கோடாலியை எடுத்து வந்து, இரண்டே போடில் பூட்டை உடைத்தாள். பிரசவ வார்டு வாசலில் தொட்டியும் சோப்பும் வைத்து, குறுக்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். கை கழுவாமல் ஒருவரும் உள்ளே போகக்கூடாது.

நோயின் சோர்வு தீராத விஜயம்மா முதலில் வந்து, கழுவிக்கொண்டு போனாள். பின்னால் வந்த டாக்டர் கத்தினார். பெர்த்தா எழுந்திருக்கவில்லை. பொன்னப்பன் பிள்ளையோடு அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் குனிந்து கழுவினார்.

அந்த வார்டில் பிறகு ஒருத்திக்கும் காலரா வரவில்லை.

நோய் அடங்கியதும் பூட்டு உடைத்ததற்கு மன்னிப்பு எழுதித் தரச் சொன்னார்கள்.

"பொன்னப்பன்கிட்ட நீங்க கேட்டியளா?" என்றாள் பெர்த்தா.

வார்டிலிருந்து அவளை முற்றம் பெருக்க மாற்றினார்கள். ஒரு மாதத்தில் தொட்டி காய்ந்துபோனது. விஜயம்மா மட்டும் கட்டிலுக்குக் கட்டில் கை கழுவினாள். மற்றவர்கள் அவளைப் பயந்தாங்கொள்ளி என்றார்கள். அதைக் கேட்ட ஒவ்வொரு தடவையும் பெர்த்தா ஜன்னலடியில் வந்து நின்று, உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்கும்படி அம்மிணியின் பெயரை உரக்கச் சொன்னாள்.