கடைசிப் பந்தில் கை தூக்காதவன்

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. மொன்றியலில், சென்ட் லோரன்டில் நாங்கள் இருக்கும் வாடகைக் கட்டடத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு தேவாலயம் இருக்கிறது. அதன் கீழ்மண்டபத்தில், ஒரு ஏப்ரல் மாதச் சனிக்கிழமை பகலில், அறுபத்து மூன்று வயதில், நான் என்னைப் பற்றி வைத்திருந்த நல்ல எண்ணம் பறிபோனது.

அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லவேண்டும். மருந்துத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் இயந்திரத்தோடு மாரடித்துவிட்டு ஓய்வு பெற்றிருந்த நேரம். பகல் முழுக்க வீட்டில் நின்று, மனைவி கறிக்கு உப்புப் போடும்போது பக்கத்தில் நின்று அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டாம் மாதமே அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "இஞ்சருங்கோ, நீங்கள் வேலைக்குப் போகேக்க எனக்கிருந்த நிம்மதி இப்ப இல்லை. எங்கையாவது போய்ட்டு ஆறுதலா வாங்கோ" என்றாள்.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு செக் நாட்டு அம்மா இருக்கிறார். ஓய்வு பெற்ற தாதி, வயது எழுபத்து நாலு. ஒருநாள் லிஃப்டில் என்னை மேலும் கீழும் பார்த்தவர், கரப்பந்து விளையாடுவீரா என்று கேட்டார். என்னிடம் கேட்கிற கேள்வியா அது! இளவயதில் ஊர் விளையாட்டுக் கழகத்தின் முன்வரிசையில் நின்று அடித்தவன் நான். புதன்கிழமை காலை பத்து மணிக்கு வாரும், எங்களுக்கு ஓர் ஆள் குறைகிறது என்றார்.

போய்ப் பார்த்தால் பதினொரு பேர், எல்லோரும் செக் நாட்டுக்காரர், எல்லோரும் என்னைவிட மூத்தவர்கள். இருவர் காதில் கருவி. ஒருவருக்கு இடுப்பெலும்பே புதிது. பாவம், கொஞ்சம் மெதுவாக அடிப்போம் என்று நினைத்தேன். அரைமணி நேரத்தில் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அவர்கள் பலமாக அடிப்பதில்லை. நான் எங்கே இல்லையோ அங்கே பந்தைப் போட்டுவிட்டுச் சிரிப்பார்கள்.

அவர்களிடம் இரண்டு பழக்கங்கள் இருந்தன. ஆட்டம் முடிந்ததும் யாரும் வீட்டுக்கு ஓட முடியாது. மேல் அறையில் ஒரு மணி நேரம் கைவேலை செய்யவேண்டும். பின்னுகிறவர்கள் பின்னுவார்கள், களிமண் பிசைகிறவர்கள் பிசைவார்கள். எனக்கு வெறும் முட்டைக்கோதில் சூடான மெழுகால் கோடு போடுகிற வேலை தந்தார்கள். கார்டெரியில், பகல்நேரக் காப்பகத்தில், விடுகிற சின்னப் பிள்ளைகள் மாதிரி என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே முதல்நாளில் மூன்று கோதுகளை நொறுக்கினேன். மற்றப் பழக்கம், ஆட்டத்துக்கு நடுவர் கிடையாது. வலையில் முட்டினாலோ, வெளியே போகிற பந்து விரலில் பட்டாலோ, பட்டவரே கையைத் தூக்கவேண்டும். நான் பழகிய ஆட்டத்தில் நடுவர் காணாதது பிழையே இல்லை. விரலில் பட்டதை முகத்தில் காட்டாமல் நிற்பவனைக் கெட்டிக்காரன் என்பார்கள். அந்தக் கெட்டிக்காரத்தனம் என்னிடம் தாராளமாக இருந்தது.

வருடத்துக்கு ஒருமுறை ஒட்டாவாவிலிருந்து இன்னொரு செக் குழு வந்து இவர்களோடு மோதும். பரிசு, இவர்களே வனைந்த ஒரு மண்குடம். தோற்றவர்கள் அதில் ஒரு பூ வரைந்து வென்றவர்கள் கையில் கொடுக்கவேண்டும். குடத்தைச் சுற்றி இருந்த ஐந்து பூக்களும் எங்கள் ஆட்கள் வரைந்தவை. எங்கள் தலைவருக்கு வயது எழுபத்தொன்பது. அடுத்த மாதம் முழங்கால் ஆபரேஷன், பிறகு விளையாடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த ஒருமுறையாவது வெல்லவேண்டும் என்று மூன்று வாரமாக எங்களைப் போட்டு வறுத்தெடுத்தார்.

பதினைந்து புள்ளிக்கான கடைசிச் செற். பதினாலுக்குப் பதின்மூன்று என்று நாங்கள் முன்னே நிற்கிறோம். ஒட்டாவாப் பக்கத்து நெடிய அம்மா ஒருவர் எழும்பி அடித்தார். நான் தடுக்க எழும்பினேன். பந்து என் சின்னவிரல் நுனியை இடித்துக்கொண்டு வெளியே போய் விழுந்தது. எல்லோரும் ஒரு கணம் எங்கள் பக்கம் பார்த்தார்கள். யாராவது கை தூக்குகிறார்களா என்று பார்க்கிற பார்வை. நான் கூரையைப் பார்த்தேன். அவ்வளவுதான், புள்ளியும் எங்களுக்கு, ஆட்டமும் எங்களுக்கு, மண்டபமே அதிர்ந்தது. தலைவர் வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். அவர் கண்ணாடி நனைந்திருந்தது. எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை.

மேல் அறையில் கேக்கும் பியரும். ஒட்டாவாக்காரர் குடத்தைச் சுற்றி இருந்து ஆறாவது பூவைத் தொடங்கியிருந்தார்கள். நான் கோப்பையை எடுக்கப் போனால் சின்னவிரல் மடங்கவில்லை. கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. கீழ்வீட்டு அம்மா கண்டுவிட்டார். எப்ப பட்டது என்று கேட்டார். முதல் செற்றில் என்று வாய் தானாகச் சொன்னது.

அவர் என்னைச் சந்தேகப்பட்டிருந்தால் எப்படியோ சமாளித்திருப்பேன். அவரோ அப்படியே நம்பிவிட்டார். தாதியாக இருந்துகொண்டு நான் கவனிக்காமல் விட்டேனே என்று தன்னையே ஏசிக்கொண்டு, பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டினார். கட்டியதோடு விடவும் இல்லை. முதல் செற்றிலேயே விரல் வீங்கியும் இந்த மனிதர் வாய் திறக்காமல் கடைசிவரைக்கும் ஆடியிருக்கிறார் என்று அறை முழுக்கச் சொன்னார். தலைவர் எழும்பிக் கோப்பையைத் தூக்கினார். ஒட்டாவாக்காரர் கை தட்டினார்கள். என்னிடம் புள்ளியைப் பறிகொடுத்த அந்த நெடிய அம்மாதான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்.

வெட்கத்தில் காது இரண்டும் கொதித்தன. கட்டுப்போட்ட கையைத் தூக்கினேன். நன்றி சொல்கிறேன் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள். கை தட்டல் அடங்கும்வரை அப்படியே தூக்கிக்கொண்டு நின்றேன். பிறகு எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில், கடைசிப் பந்து என் விரலில் பட்டது, நான் சொல்லவில்லை என்றேன்.

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர்கள் பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து கதைப்பது எனக்கு எங்கள் பேச்சாகத்தான் மனதில் பதிந்திருக்கிறது, அப்படியே சொல்கிறேன்.

"கடைசிப் பந்தோ?" என்றார் தலைவர்.

"ஓம்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப பதினாலுக்குப் பதினாலு. எல்லாரும் சப்பாத்து நாடாவைக் கட்டுங்கோ."

பகிடிக்குச் சொல்லவில்லை. பன்னிரண்டு கிழவர் கிழவிகள் கேக்கை விழுங்கிக்கொண்டு மறுபடி படியிறங்கினார்கள். காதுக்கருவிகளைத் தேடி மாட்டினார்கள். இனி இரண்டு புள்ளி முந்தினால்தான் வெற்றி. எங்கள் பக்கத்தில் பியர் குடித்த ஒருவர் பந்தைச் சுவருக்குப் போட்டார், ஒட்டாவாவுக்குப் பதினைந்து, எங்களுக்குப் பதினாலு. அடுத்த பந்துக்கு எங்கள் தலைவரே எழும்பினார். அந்த முழங்காலோடு எழும்பினார். பந்து அவர் கைக்கு ஒரு சாண் மேலால் போய் உள்ளே விழுந்தது. தோற்றுப்போனோம்.

ஒட்டாவாக்காரர் பாதியில் விட்டிருந்த பூவைத் தலைவரே வரைந்து முடித்தார். எனக்குத் தூரிகை தரவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. இனி இந்தப் படியில் கால் வைக்க முடியாது என்று நினைத்துக்கொண்டு மேல்கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். தலைவர் நொண்டிக்கொண்டே பின்னால் வந்தார்.

"எனக்கு இந்தமுறை வெல்லவேணும் எண்டிருந்தது. இண்டைக்கு உம்மில சரியான கோவம். நாளைக்கும் இருக்கும்" என்றார். தன் கார்க் கதவைத் திறந்தபிறகுதான் மிச்சத்தைச் சொன்னார். "புதன்கிழமை பத்து மணி. பிந்தாமல் வந்திடும்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் விரலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். புதன்கிழமை ஒன்பதரைக்கே போய்விட்டேன். தலைவர் இப்போது விளையாடுவதில்லை. சுவரோரம் கதிரை போட்டு இருந்து, என்னைத் திட்டுவதற்கென்றே வாராவாரம் வருகிறார். கோபத்தை முகத்துக்கு நேரே சொல்லி, அதே மூச்சில் என் இடத்தையும் எனக்கே விட்டுவைத்த அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம், பிழையை ஒத்துக்கொண்டால் ஆட்களை இழந்துவிடுவோம் என்று அத்தனை வருடம் பயந்து திரிந்த என்னை நினைத்துத்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது.