திரையில் வலது, வீட்டில் இடது

அந்தத் திரை மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், நான் கழுத்தைத் திருப்பிப் பார்த்திருப்பேனா?

ஐந்து நாளாக இதே கேள்வி. பாத்திரம் தேய்க்கும்போதும் பாப்பாவுக்குச் சோறு பிசையும்போதும் கூடவே வருகிறது. பதில்தான் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்தாக வேண்டும். அன்றைக்குள் இரண்டு கேமராவில் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

எங்கள் வீடு ஆரணியில் இருக்கிறது. கணவர் வீட்டுக் கூடத்திலேயே தறி போட்டுப் பட்டுப்புடவை நெய்கிறார். நான் பி.காம். படித்தவள். புடவையைப் படம் எடுத்துப் போனில் அனுப்பி, கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி, பார்சல் கட்டுவது என் வேலை. யாரும் என்னை வற்புறுத்தவில்லை. நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அதனால் அதில் வரும் தப்பும் என்னுடையதாகவே எனக்குப் படும்.

முதல் தப்பு நிறத்தில் வந்தது. என் போனில் அரக்கு நிறம் குங்குமச் சிவப்பாக விழும். போளூரிலிருந்து ஒரு அம்மா பெண்ணின் நிச்சயத்துக்குச் சிவப்பு என்று நினைத்து வாங்கிவிட்டு, பெட்டியைப் பிரித்ததும் போன் செய்தார். "நான் கேட்டது இன்னா, நீ அனுப்பினது இன்னாம்மா? நிச்சயத்துக்கு இன்னும் ரெண்டு நாளுதான் கீது." புடவையைத் திரும்ப வாங்கிக்கொண்டோம். ஆனால் அந்தக் குரல் காதை விட்டுப் போகவில்லை. நல்ல கேமரா ஒன்று வேண்டும் என்று அன்றுதான் கணவரிடம் சொன்னேன்.

கணவரின் பள்ளித் தோழர் ஒருவர் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். பழைய கேமரா இரண்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். இரண்டிலும் நிறம் நன்றாக விழும். வித்தியாசம் திரையில் மட்டும்தான். ஒன்றில் தொடுதிரை. படத்தில் எந்த இடம் துல்லியமாக வேண்டுமோ அந்த இடத்தில் விரல் வைத்தால் போதும். ஆனால் திரை முதுகோடு ஒட்டியே இருக்கும், அசையாது. இன்னொன்றின் திரை ஜன்னல் கதவு மாதிரி பக்கவாட்டில் விரியும், மேலே, கீழே, முன்னால் எப்படி வேண்டுமானாலும் திரும்பும். அதைத் தொட்டால் ஒன்றும் நடக்காது. பொத்தானைத்தான் அழுத்த வேண்டும். இரண்டு வசதியும் சேர்ந்த கேமரா இருக்கிறதாம். அது எங்கள் கைக்கு எட்டாது.

"ரெண்டையும் வெச்சுப் பாரு தங்கச்சி. அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒண்ணைக் குடுத்துடு. நான் தேவிகாபுரத்துல ஒரு காதுகுத்துக்குப் போறேன், நடுவுல போன் பண்ணிப் பேஜார் பண்ணாதே" என்று சிரித்துவிட்டுப் போனார்.

பாப்பாவுக்குப் பதினான்கு மாதம். நடக்க ஆரம்பித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவள் நடக்க ஆரம்பித்த அன்றே வீட்டில் ஒரு சட்டம் வந்தது. தறியில் உட்காருகிறவர் கால் தொங்கவிட ஒரு குழி இருக்கும்; அதற்குள் காலால் மிதிக்கும் கட்டைகள் கயிற்றில் தொங்கும். கணவர் எழுந்தால் உடனே குழியின்மேல் பலகை போட வேண்டும். தண்ணீர் குடிக்க எழுந்தாலும் பலகை, போன் எடுக்க எழுந்தாலும் பலகை. அவர் மறந்தால் அத்தை, அதாவது என் மாமியார், சமையலறையிலிருந்தே குரல் கொடுப்பார்: "டேய், பலகை!"

முதல் நாள் தொடுதிரையைப் பார்த்தேன். புடவையைச் சுவரில் தொங்கவிட்டு, பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு விரலால் ஜரிகைக் கரையைத் தொட்டேன். மயில்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தன. ஒரு கையால் வேலை முடிகிறதே என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த நொடி பாப்பா தன் விரலை வைத்தாள். கேமரா புடவையை விட்டுவிட்டு, சுவரில் இருந்த ஆணியைத் துல்லியமாக எடுத்தது. கணவர் தறியிலிருந்தே பார்த்துச் சொன்னார்: "நம்ம பாப்பா ஆணி விக்கப் போறா போல."

பாப்பாவை இறக்கிவிட்டேன். அப்போதுதான் தெரிந்தது, சுவரைப் பார்த்து நிற்கும்போது என் முதுகுதான் வீட்டைப் பார்க்கிறது என்று. இரண்டு படத்துக்கு ஒருமுறை திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பாதிப் படங்கள் அசைந்துபோயின.

மறுநாள் விரியும் திரை. இந்த முறை புடவையை நானே கட்டிக்கொண்டேன். கட்டிய புடவையைத்தான் நிறையப் பேர் கேட்கிறார்கள். சமையலறை வாசலில் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, திரையை என் பக்கம் திருப்பினேன். நானும் தெரிந்தேன், எனக்குப் பின்னால் பாயில் விளையாடிக்கொண்டிருந்த பாப்பாவும் தெரிந்தாள். முதுகில் ஒரு கண் முளைத்தது போல இருந்தது. இதுதான் என் கேமரா என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். இப்போது நினைத்தால் அந்த அவசரம்தான் உறுத்துகிறது.

அத்தை வந்து என் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"இன்னாம்மா இது? முந்தானை வலது தோள்ல கீது. நம்ம பக்கத்துல யாரு இப்டிக் கட்டறாங்க? வடநாட்டுக்காரங்களுக்கா விக்கப் போற?"

எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. முந்தானை என் இடது தோளில்தான் இருந்தது. திரையிலோ, படத்தில் இருந்த பெண் வலது தோளில் போட்டது போலத்தான் தெரிந்தாள். கண்ணாடி முன்னால் நின்றால் எப்படித் தெரியுமோ அப்படி அந்தத் திரை காட்டியது. வீடியோவிலும் இப்படியே பதிவானால் வாங்குகிறவர்கள் சிரிப்பார்களே என்று பயந்து, கேமராவின் அமைப்புகளுக்குள் தேடி, கண்ணாடி போலக் காட்டுவதை நிறுத்திவிட்டேன். முந்தானை சரியான தோளுக்கு வந்தது. "இப்பத்தான் லட்சணமா கீது" என்றார் அத்தை. எனக்கும் ஒரு பெருமை. அந்த ஒரு மாற்றத்தால் வீட்டின் இடமும் வலமும் திரையில் மாறிவிட்டதை நான் யோசிக்கவில்லை.

அதற்கடுத்த நாள், காலை பத்து மணி இருக்கும். பாப்பா பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் அரக்குப் புடவையைக் கட்டி, கொசுவத்துக்கும் முந்தானைக்கும் ஊக்கு குத்தி, கேமரா முன்னால் நின்றேன். எனக்கு வலப்பக்கம் தெருவாசலும் ஜன்னலும். இடப்பக்கம் தறி. ஜன்னல் வழியாக வந்த வெயில் ஜரிகையில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டினால் வெளிச்சம் மெத்தென்று விழும்.

"ஏங்க, ஜல்தி வாங்க. வேட்டியைக் கட்டிட்டுப் போயிடுங்க. பாப்பா எழுந்துட்டா ஒண்ணும் முடியாது."

"இரும்மா, ஒரு இழை அறுந்துபோச்சு, முடிச்சுக்கினு வரேன்."

"ரெண்டு நிமிஷந்தானேங்க! வெயில் ஏறுது."

அவர் எழுந்து, வேட்டியை எடுத்துக்கொண்டு தெருவாசல் வழியாக வெளியே போனார். கதவு திறந்தே இருந்தது. அத்தை பின்கட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். பலகை என்று குரல் கொடுக்க யாரும் இல்லை. நான் இருந்தேன். நான் முந்தானையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

வீடியோவை ஓடவிட்டேன். முந்தானையை விரித்துக் காட்டி, இது அரக்கு, சிவப்பு இல்லை என்று சொல்லத் தொடங்கினேன். திரையில் என் இடுப்புக்குப் பின்னால் ஒரு மஞ்சள் கவுன் எழுந்து நின்றது. எழுந்துவிட்டாளே என்று நினைத்தேன், பேச்சை நிறுத்தவில்லை. தெரிகிறாளே, கண்ணில்தானே இருக்கிறாள். கவுன் தள்ளாடித் தள்ளாடித் திரையின் வலது ஓரத்துக்குப் போனது. பிறகு திரையில் இல்லை.

வலது என்றால் தெரு. கதவு திறந்திருக்கிறது. எங்கள் தெருவில் வண்டிக்காரர்கள் யாரும் மெதுவாகப் போவதில்லை. நான் புடவையை அள்ளிக்கொண்டு வலப்பக்கம் ஓடினேன்.

கணவர் ஜன்னல் கம்பியில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"பாப்பா எங்கங்க?"

"உள்ளதானே தூங்கிக்கினு இருந்தா?"

"வெளிய வரலையா?"

"இல்லையே."

அவர் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அவர் வாயிலிருந்து "பலகை" என்ற ஒரே சொல் வந்தது.

திரும்பி ஓடினோம். அழுகைச் சத்தம் இல்லை. பாப்பா குழிக்குள் நின்றுகொண்டிருந்தாள். தலை மட்டும் வெளியே தெரிந்தது. இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்திருந்தாள். நெற்றியில் எலுமிச்சம்பழத்தில் பாதி அளவுக்கு ஒரு வீக்கம். என்னைப் பார்த்த பிறகுதான் அழுதாள்.

டாக்டர் பார்த்துவிட்டுப் பயப்பட ஒன்றும் இல்லை, வாந்தி வருகிறதா என்று மட்டும் கவனியுங்கள் என்றார். அன்று முழுக்க அவள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. மறுநாளே பழையபடி நடந்தாள்.

முதல் நாள் நாங்கள் மூன்று பேரும் பழியைப் போட்டி போட்டுக்கொண்டு எடுத்துக்கொண்டோம். பலகையைப் போடாதது நான் என்றார் கணவர். "முந்தானை, முந்தானைன்னு நாந்தானே பொலம்பினேன்" என்று அத்தை மூக்கைச் சிந்தினார். அவசரப்படுத்தியது நான் என்றேன். இரண்டாம் நாள் அதையே ஒருவருக்கொருவர் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தோம். "இவ்ளோ படிச்சவ, வீட்டுல எது சோத்துக்கை பக்கம்னு தெரியாமயா போச்சு?" என்று அத்தை பாத்திரத்திடம் சொல்வது போல எனக்குச் சொன்னார். நியாயமான கேள்விதான்.

ஸ்டுடியோ அண்ணாவுக்குப் போன் செய்தேன். திரையை மாற்றியதிலிருந்து நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"தங்கச்சி, அதை ஏன் மாத்தின? திரையிலதான் கண்ணாடி மாதிரி தெரியும். பதிவாகறப்போ சரியாத்தான் பதிவாகும். நீ ஒண்ணுமே செஞ்சிருக்க வேணாமே."

நான் ஒன்றுமே செய்திருக்க வேண்டாம். இதைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

அந்த வீடியோ அழிக்காமல் இருக்கிறது. நான் ஓடிய பிறகும் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. வெறும் சுவர், பாயின் ஓரம். நாங்கள் திரும்பி ஓடிவரும்வரை பதினோரு விநாடி. ஆறாவது விநாடியில் மிதிகட்டை ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்கிறது. எங்கள் வாசற்படியில் பாப்பா பின்பக்கமாகத் திரும்பி, வயிறு உரச, காலை முதலில் விட்டு இறங்குவாள். அப்படித்தான் இறங்கினாளா, விழுந்தாளா என்று அந்தச் சத்தத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. எத்தனை முறை கேட்டேன் என்று கணவரிடம் சொல்லவில்லை.

கணவருக்கு முடிவு சுலபம். "தொடற கேமராவை வெச்சுக்கோ. புடவையைப் பொம்மைக்குக் கட்டு. நீ பின்னாடி நின்னு எடு. அந்த மடக்கற சனியனே வேணாம்." அண்ணா வேறு மாதிரி சொல்கிறார்: "அமைப்பை நீ பழையபடி வெச்சுட்டா அது கண்ணாடிதான். பின்னாடி பாக்கறதுக்கு உனக்கு அதைவிட வேற இன்னா வேணும்?"

இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகவே படுகிறது. நேற்று இரண்டையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். குழியில் பலகை இருந்தது. பாப்பா அத்தை மடியில் இருந்தாள். தொடுதிரை கையில் இருக்கும்போது பின்னால் ஒன்றும் தெரியாது. தெரியாததால் பயந்து பயந்து திரும்பிப் பார்த்தேன். விரியும் திரையில் எல்லாம் தெரிந்தது. அன்று ஒருமுறைகூட நான் திரும்பவில்லை. மஞ்சள் கவுன் எழுந்து நின்றதைப் பார்த்த பிறகும் திரும்பவில்லை. திரையைச் சரியாக வைத்திருந்தால் இடப்பக்கம் ஓடியிருப்பேன், உண்மைதான். ஆனால் குழந்தை எழுந்ததும் திரும்பியிருந்தால் ஓடவே வேண்டியிருந்திருக்காது. ஒன்றில் படம் கெடுகிறது, நான் விழிப்பாக இருக்கிறேன். மற்றொன்றில் படம் நன்றாக வருகிறது, நான் என் கண்ணை அதனிடம் கொடுத்துவிடுகிறேன். அல்லது இதெல்லாம் திரையின்மேல் பழியைப் போட நான் தேடும் வழியா? இரண்டு நிமிடத்துக்காக அவரைத் தறியிலிருந்து எழுப்பிய அதே நான்தானே எந்தக் கேமராவுக்குப் பின்னாலும் நிற்கப் போகிறேன்?

கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டிலேயே வேலை பார்க்கும் அம்மாக்கள், அக்காக்கள் இதைப் படித்தால் எனக்குச் சொல்லுங்கள். குழந்தை பின்னால் தெரியும் திரையை வைத்துக்கொள்ளட்டுமா, தெரியாத திரையை வைத்துக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்க்கட்டுமா? இன்னும் கொஞ்ச நாள் வேலையை நிறுத்திவை என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை வீட்டிலேயே சொல்லிவிட்டார்கள். இன்று வெள்ளிக்கிழமை. இரண்டு கேமராவும் அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. பாப்பா கீழே நின்று கையை நீட்டிக்கொண்டிருக்கிறாள்.