மல்லாவிக்குப் போன கள்ளுப் போத்தல்

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இருபது வருடமாக அப்பம் சுடுகிறேன். மா பொங்குவது என் கைராசியால் என்றே ஊரெல்லாம் பீற்றித் திரிந்தேன்.

அந்தப் பெருமையோடுதான் போன மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, செட்டிகுளத்திலிருந்து மல்லாவிக்குப் புறப்பட்டேன். அங்கே என் தங்கை பரமேசு அப்பக்கடை திறந்திருந்தாள். மூன்று நாளாக மா பொங்கவில்லை. சனிக்கிழமையும் பொங்காவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு மிளகாய்த் தோட்டத்துக்கு வா என்று புருசன் சொல்லிவிட்டாராம். லொறிக்காரர் ஒருவரிடம் அழுது சொல்லியனுப்பியிருந்தாள்.

காலை ஆறு மணிக்குப் பஸ். மல்லாவியிலும் கள்ளு உண்டுதான். ஆனாலும் மா புளிக்க வைக்க என் ராசிக் கள்ளு ஒரு போத்தல், தக்கையை இறுக்கி அடித்துப் பையில் வைத்திருந்தேன். வவுனியாவில் ஏழேகாலுக்கு இறங்கி, எட்டு மணிக்கு மாங்குளம் பஸ். டிக்கெட் எண்பது சதம். பக்கத்தில், பாண் சுடும் போறணையில் வேலை செய்யும் ஒருவர் இருந்தார்.

"அக்கா, உங்கட பை சீறுது. பாம்போ?"

"ஓம் தம்பி. கடிக்காது, குடிச்சால்தான் தலை சுத்தும்."

"தக்கையைத் தளர்த்துங்கோ, வெடிக்கப் போகுது! உள்ளுக்கு உயிருகள் மூச்சு விடுதுகள்."

கண்ணுக்குத் தெரியாத அந்த உயிர்கள் இனிப்பைத் தின்னுமாம். காற்றே இல்லாத இடத்திலும் அதிலிருந்து சீவிக்கப் பலம் எடுத்துவிடுமாம். பாதி எரிந்த விறகில் கரி மிஞ்சுவதுபோல, மிச்சம் தலை சுற்ற வைக்கும் வெறியாகக் கிடக்கும். வெளியே விடும் வாயுதான் பாணையும் அப்பத்தையும் பொங்க வைக்கிறது.

"வேகமா ஓடினால் எங்கட தசையும் இப்பிடித்தான் அக்கா, காத்துப் போதாமல் இனிப்பை எரிக்கும்."

"அப்ப நான் ஓடினால் எனக்கு வெறிக்குமோ?"

"இல்லை, புளிக்கும். தயிரைப்போல."

"என்ர மனுசன் அதை எப்பவோ சொல்லிப்போட்டார்."

சிரித்துவிட்டு ஒன்று சொன்னார்: கை பொறுக்காத சூடு பட்டால் அந்த உயிர்கள் செத்துப்போகும்.

மாங்குளத்திலிருந்து பதினொரு மைல், செம்மண் ரோட்டில் ஒரு மணித்தியாலம். மத்தியானம் மல்லாவி. பின்னேரம் பரமேசு மா குழைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அரிசிக் குருணலில் காய்ச்சிய கஞ்சியை ஆவி பறக்கப் பறக்க மாவில் ஊற்றப் போனாள்.

"ஆறவிடேல்லையோடி?"

"கடைக்கு எங்கயக்கா நேரம்? வீட்டில சின்னச் சட்டி, தானா ஆறும். இது கிடாரம்."

"மூண்டு நாளும் சுடு மாவில கள்ளை ஊத்தி அதுகளை உயிரோட அவிச்சிருக்கிறாய்!"

அப்போதுதான் என் கைராசியும் விளங்கியது. கஞ்சியை இறக்கிவிட்டு நான் வேலிக்கரையில் ஊர்க்கதை பேசப் போய்விடுவேன், அதுபாட்டுக்கு ஆறிவிடும். அன்றும் கஞ்சி விரல் பொறுக்கும்வரை அக்காவும் தங்கையும் கதைத்தோம். பிறகு கஞ்சியைக் கலந்து, முழுப் போத்தலையும் ஊற்றினோம்.

கள்ளோடு மல்லாவிக்குப் போகிறவர்களுக்கு: தக்கையை இறுக்காதீர்கள், ஓலைச் சுருளால் அடையுங்கள். கஞ்சிக்குள் சின்னவிரலை வைத்துப் பாருங்கள், பொறுத்தால்தான் மாவில் ஊற்றலாம். மாங்குளத்தில் பஸ் பிந்தும், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். இருபது வருடமாக எனக்காக உழைத்த அந்தச் சின்ன உயிர்களுக்கு ஒரு நன்றியும் சொல்லுங்கள்.

சனிக்கிழமை விடிய நாலரைக்குப் பார்த்தபோது மா பொங்கி, மூடியைத் தள்ளி, மேசையால் இறங்கி, கீழே பாயில் படுத்திருந்த பரமேசுவின் புருசனுடைய வலக்காதுக்குள் போயிருந்தது. கடை ஐந்தரைக்குத் திறந்தது. அன்று அவரோடு கதைக்க வந்தவர்கள் இடப்பக்கம் நின்றார்கள்.