உரிய வழியாகக் கடலூர் வரை

எங்கள் வீட்டில் நான்கு பெண்கள், ஒரு குளியலறை. நெய்வேலி டவுன்ஷிப்பில் எனக்கு ஒதுக்கப்பட்ட குவார்ட்டர்ஸை வரைந்த பொறியாளர் இரண்டு குழந்தைகளுக்கு மேல் யோசித்திருக்கவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. அரசாங்கம் ஊர்ச் சுவரெல்லாம் அதைத்தான் எழுதி வைத்திருந்தது. சுவரைப் படித்தும் அதன்படி நடக்காதவர்கள் நாங்கள்தான். "நாலும் பொண்ணா?" என்று இரக்கத்தோடு விசாரிப்பவர்களிடம், "இல்லைங்க, நாலும் வக்கீல்" என்று சொல்லிவிடுவேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மூத்தவள் பத்தாவது, இரண்டாமவள் எட்டாவது, மூன்றாமவள் ஆறாவது, கடைக்குட்டி யு.கே.ஜி. எனக்குப் பணியாளர் பிரிவில் வேலை. யாருக்கு எத்தனை நாள் லீவு பாக்கி, எந்த பிளாக்கில் எந்த வீடு யாருக்குச் சேர வேண்டும், எந்தப் படிவத்துக்கு எத்தனை நகல் என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். சுரங்கத்துக்குள் நான் இறங்கியது மொத்தமே மூன்று முறை. ஆனால் சுரங்கத்தில் இறங்குகிற எவரும் என் மேசையைத் தாண்டாமல் இறங்க முடியாது.

ஜெனரல் ஷிஃப்ட் முடிந்து மாலையில் ஸ்கூட்டரை நிறுத்தும்போதே நான்கு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பிப்பார்கள். ஒருத்திக்குச் சார்ட் பேப்பர் வேண்டும். ஒருத்திக்குத் தங்கை மேல் புகார். ஒருத்திக்குச் செருப்பு அறுந்துவிட்டது. ஒருத்தி ஆடுகிற பல்லை ஆட்டிக் காட்டுவாள். ஹெல்மெட்டைக் கழற்றும்வரை நான் பொதுவாகத் தலையாட்டிக்கொண்டிருப்பேன். அப்படி ஒருநாள் தலையாட்டியதற்கு மறுநாள் மந்தாரக்குப்பத்திலிருந்து இரண்டு முயல்கள் வந்து சேர்ந்தன. "நீங்கதானே சரின்னு சொன்னீங்க" என்றார்கள் நால்வரும். சாட்சிகள் நான்கு, எதிர்த்தரப்பு ஒன்று. முயல்கள் இரண்டு வாரம் தங்கி, கறிவேப்பிலைக் கன்றையும் ஒரு ஆங்கில இலக்கண நோட்டையும் தின்றுவிட்டு, வந்த இடத்துக்கே திரும்பின.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஒழுங்குமுறை பிறந்தது. இனிமேல் வீட்டில் எந்தக் கோரிக்கையும் எழுத்தில்தான் வர வேண்டும். சின்னவளின் மனு அடுத்த அக்கா வழியாகப் போகும். அவள் தன் கருத்தை எழுதி மூத்தவளுக்கு அனுப்ப, அங்கிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து என் தட்டுக்கு. தட்டு என்பது டி.வி.க்கு மேல் வைத்த ஒரு பிஸ்கட் டின்னின் மூடி. ஞாயிறு காலை இட்லிக்குப் பிறகு தட்டில் இருப்பதையெல்லாம் எடுத்துப் பைசல் செய்வேன். இடையில் வாய்மொழி நினைவூட்டல் ஏற்கப்பட மாட்டாது.

என் மனைவி நெல்லிக்குப்பத்துக்காரி. சர்க்கரை ஆலைச் சங்கு கேட்டு வளர்ந்தவள். எந்த ஒழுங்குமுறைக்கும் அசைந்து கொடுக்க மாட்டாள். முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப ராத்திரிக்கு என்னா கொழம்புன்னு நானும் எழுதிக் குடுக்கணுமா?" என்றாள். அன்றாட நிர்வாகத்துக்கு விலக்கு உண்டு என்று அங்கேயே ஒரு திருத்தம் கொண்டுவந்தேன்.

முறை அற்புதமாக வேலை செய்தது. மாலையில் ஸ்கூட்டரை நிறுத்தினால் வீடு அமைதியாக இருந்தது. நான் செய்தித்தாளைக் கடைசிப் பக்கம் வரை படித்தது அந்த மாதங்களில்தான். பெண்களும் விளையாட்டாக எடுத்துக்கொண்டு என்னைவிட வேகமாகக் கற்றார்கள். இரண்டாமவள் ஆட்சேபணை எழுதுவதில் தேர்ந்தாள். ஒரு ரிப்பன் விஷயத்துக்கு ஒன்றரைப் பக்கம். மூத்தவள் எங்கள் அலுவலகத்தின் ஆகக் கூர்மையான ஆயுதத்தை எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள். பிடிக்காத மனு வந்தால் மறுக்க மாட்டாள். ஓரத்தில் "விவாதிக்கவும்" என்று எழுதி வந்த வழியே இறக்கிவிடுவாள். கடைக்குட்டி எழுதத் தெரியாததால் படம் வரைந்து அனுப்பினாள். ஒருமுறை நான்கு கால், ஒரு வால். நாயா மாடா என்று தெளிவில்லாததால் நிராகரித்தேன்.

மூன்றாமவளுக்கு மட்டும் இது ஒத்துவரவில்லை. அவள் எழுதுகிற பெண் அல்ல, ஓடுகிற பெண். பால் பூத்துக்கு அனுப்பினால் ஓடிப் போய் ஓடி வருவாள், பால் பாதி சிந்தியிருக்கும். அந்த வருஷம் பள்ளியின் கோ-கோ அணிக்கு அவளை எடுத்திருந்தார்கள். அணியிலேயே சிறியவள் அவள்தான். தினமும் மாலை முழங்கால்வரை செம்மண்ணோடு வருவாள். குளியலறை வரிசையில் அவளுக்குக் கடைசி இடம் தரப்பட்டது அந்த மண்ணால்தான்.

ஒரு திங்கட்கிழமை பள்ளியில் சம்மதப் படிவம் கொடுத்தார்கள். சனிக்கிழமை கடலூரில் போட்டி. பன்னிரண்டு பேரை அழைத்துப் போவார்கள். பெற்றோர் கையெழுத்தோடு படிவம் வியாழன் மாலை பள்ளி விடுவதற்குள் வந்துவிட வேண்டும். வராதவள் இடத்துக்கு வெளியே காத்திருப்பவர்களில் ஒருத்தி.

அவள் அன்றே மனு எழுதினாள். பொருள்: கடலூர் போக அனுமதி வேண்டுதல். படிவத்தைப் பின்னால் குண்டூசியால் குத்தி, மேலே சிவப்புப் பென்சிலில் "அவசரம்" என்று எழுதி, இரண்டாமவளிடம் கொடுத்தாள். இரண்டாமவள் செவ்வாய்க்கிழமை, "ஆட்சேபணை இல்லை. ஆனால் என் கான்வாஸ் ஷூவைக் கேட்கக் கூடாது" என்று எழுதி மேலே அனுப்பினாள். மூத்தவள், "சனிக்கிழமை எனக்கு டியூஷன். கடைக்குட்டியை யார் பார்ப்பது? விவாதிக்கவும்" என்று எழுதிக் கீழே இறக்கினாள். மூன்றாமவள், "அம்மா வீட்டில்தான் இருப்பார்கள்" என்று பதில் எழுதி மறுபடி மேலே ஏற்றினாள். புதன் மாலை மனு அம்மா கைக்குப் போய், அவள் அதை வாசித்து, சந்தோஷப்பட்டு, தட்டில் வைத்தாள்.

இவ்வளவும் எனக்குப் பின்னால் தெரிந்தவை. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் தட்டில் ஏழெட்டுக் காகிதங்கள் இருந்தன என்பதுதான். எல்லாவற்றிலும் சிவப்புப் பென்சிலில் "அவசரம்" என்று இருந்தது. மூத்தவள் குடைக்குக்கூட அவசரம் போடுவாள். எல்லாமே அவசரம் என்றால் எதுவுமே அவசரமில்லை என்பது அலுவலகத்தில் நான் கற்ற பாடம்.

வியாழக்கிழமை காலை மூன்றாமவள் நான் கேட்காமலே காபி கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு ஒரு துணியை எடுத்து டி.வி.யைத் துடைத்தாள். தட்டை எடுத்து, அடியில் துடைத்து, என் நாற்காலிக்கு நேராக நகர்த்தி வைத்தாள். மறுபடி வந்து இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். பெண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு செய்தித்தாளில் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அவள் பையை மாட்டிக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். வாய்மொழி நினைவூட்டல் ஏற்கப்படாது என்பதை அந்த வீட்டில் முழுதாக மதித்தவள் அவள் ஒருத்திதான். போய்விட்டாள்.

பள்ளியும் எங்கள் நிறுவனத்துடையதுதான். வெள்ளிக்கிழமை காலை அதன் பி.டி. டீச்சர் தன் விடுப்பு விஷயமாக என் மேசைக்கு வந்தார். உயரமான, சிரித்த முகம் கொண்ட கிறிஸ்தவப் பெண்மணி. கடலூர்ப் பக்கம்தான் சொந்த ஊர். நான் அவர் படிவத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டார்.

"சார், பொண்ணை அனுப்பறதுல உங்களுக்கு இஷ்டம் இல்லீங்களா?"

எங்கே என்று கேட்டேன்.

"கடலூருக்கு. ரெண்டு நாளா கேக்கறேன், படிவம் எங்கம்மான்னு. ஃபைல் அப்பாகிட்ட இருக்கு மிஸ், ஞாயித்துக்கிழமைதான் பைசல் ஆகும்னு சொல்றா. எனக்கு ஒண்ணும் புரியல சார். நேத்து சாயங்காலம் அடுத்த பொண்ணு பேரைச் சேர்த்துட்டேன்."

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். நானும் சிரிக்கத்தான் ஆரம்பித்தேன், பாதியில் நின்றுவிட்டது. என் மேசையில் அப்போது நாற்பது ஃபைல்களாவது இருந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் அந்தப் பக்கத்தில் யாரோ ஒருவர் எதையோ நகர்த்தி வைத்துக்கொண்டு நிற்கிறார் என்று அதுவரை எனக்குத் தோன்றியதில்லை.

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். தட்டில் மேலிருந்து நான்காவதாக இருந்தது மனு. பின்னால் குத்தியிருந்த படிவத்தில் நின்றபடியே கையெழுத்துப் போட்டேன். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வியாழக்கெழமைன்னு அதுல போட்டிருந்துச்சே. நீங்க பாத்திருப்பீங்கன்னு இல்ல நெனச்சிகினு இருந்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எப்பிடிச் சொல்றது? நீங்கதான் வாய தொறக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டு வெச்சிகினு இருக்கீங்களே."

அங்கிருந்து நேராகப் பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியை என் வயதுக்காரர், என் ரகத்துக்காரர். அவர் மேசையில் கண்ணாடிக்கு அடியில் சுற்றறிக்கைகள் தேதிவாரியாக இருந்தன. எனக்கு உடனே பிடித்துப்போயிற்று; அதனாலேயே நம்பிக்கை குறைந்தது. படிவத்தை நீட்டி, தாமதத்துக்கு முழுப் பொறுப்பும் என்னுடையது என்று சொன்னேன். அவர் படிவத்தை வாங்கி முழுதாகப் படித்தார். பட்டியல் மதியம்தான் தட்டச்சாகிறது, எனவே மாற்றுவதற்கு வழி இருக்கிறது, ஆனால் புதிதாகச் சேர்த்த பெண்ணின் பெயரை அடிக்க வேண்டியிருக்கும் என்றார். அந்த வழி எனக்கு முன்பே தெரியும். தட்டச்சாகாத பட்டியல் பட்டியலே அல்ல. இருபது வருஷமாக மற்றவர்களுக்கு நான் சொல்லிவந்தது அது.

"இன்னொண்ணு சார்" என்றார் படிவத்தைத் திருப்பி என் பக்கம் வைத்து. "தந்தை அல்லது தாய்னுதான் போட்டிருக்கோம். அம்மா கையெழுத்தே போதும். வீட்டுல அவங்க இல்லையா?"

நான் படிவங்களைப் படித்துச் சம்பளம் வாங்குகிறவன். அந்த வரியைப் படித்திருக்கவில்லை. என் மனைவி படித்திருப்பாள். படித்துவிட்டுத்தான் தட்டில் வைத்திருப்பாள். இந்த வீட்டில் கையெழுத்து ஒரே இடத்தில்தான் விழும் என்று நான் அவளுக்கும் சேர்த்துத்தானே சட்டம் போட்டிருந்தேன்.

மகளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வந்தாள். என்னைப் பார்த்ததும் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்து முகம் மாறியது. தலைமையாசிரியை விஷயத்தைச் சொன்னார். உன் பெயரைச் சேர்த்துவிடலாம், அந்தப் பெண்ணை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம், என்ன சொல்கிறாய் என்றார். அவள் கண்ணில் ஒரு நிமிஷம் வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். பிறகு தரையைப் பார்த்தாள்.

"அவ நேரத்துக்குக் குடுத்துட்டா மிஸ். அது அவ எடம்."

"நீ போக வேணாமா?"

"போகணும்" என்றாள். "ஆனா அவ வீட்டுல சொல்லியிருப்பா."

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். நான் கண்ணாடிக்கு அடியிலிருந்த சுற்றறிக்கை ஒன்றை ஊன்றிப் படித்தேன். ஒரு வார்த்தைகூட மண்டையில் ஏறவில்லை.

அன்று மாலை வீட்டில் யாரும் என்னிடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். மூத்தவள் தானாகப் போய் டி.வி. மேலிருந்த மூடியை எடுத்துச் சமையலறையில் ஏதோ டப்பாவுக்குப் போட்டுவிட்டாள். இரண்டாமவள் தன் கான்வாஸ் ஷூவைக் கொண்டுவந்து மூன்றாமவள் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். இனி அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை மூன்றாமவளைக் கடலூர் பஸ்ஸில் ஏற்றினேன், கூடவே நானும் ஏறினேன். ஆட முடியாது, பார்க்கவாவது பார்க்கலாமே என்று நான்தான் கேட்டேன், வாயால் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வரேன்" என்றாள். கால் விரல் பக்கம் பஞ்சு திணித்து அக்காவின் ஷூவைப் போட்டுக்கொண்டாள். வடலூர், குறிஞ்சிப்பாடி வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மைதானத்தில் அவர்கள் பள்ளி முதல் ஆட்டத்தில் ஜெயித்தது. இவளுக்குப் பதிலாகச் சேர்ந்த பெண் நன்றாகவே ஆடினாள். சுமாராக ஆடியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். என் மகள் கயிற்றுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்தினாள்: லெஃப்ட்ல போ, திரும்பாதே, கோ குடு, கோ குடு. அவள் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கு அன்றுதான் தெரியும். வீட்டில் பல மாதங்களாக அதைக் காகிதத்தில் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருந்தேன். இரண்டாவது ஆட்டத்தில் தோற்றார்கள். பி.டி. டீச்சர் வந்து அவள் தலையைத் தட்டிவிட்டுப் போனார்.

கடற்கரை பார்த்துவிட்டுப் போகலாமா என்றேன். வேண்டாம் என்றாள். வேர்க்கடலை வேண்டும் என்றாள், வாங்கிக் கொடுத்தேன். திரும்பும் பஸ்ஸில் கடலையில் பாதி தீர்ந்த பிறகு பேசினாள்.

"அடுத்த வருஷம் என்னை மறுபடி எடுப்பாங்க."

"எடுப்பாங்க" என்றேன்.

"அப்ப அனுப்புவீங்களா?"

"கண்டிப்பா."

தோலை ஊதிவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நம்பலாமா என்று கணக்குப் போடுகிற பார்வை. பிறகு மடியிலிருந்த பஸ் டிக்கெட்டை எடுத்து, வெற்றுப் பக்கம் மேலே வரும்படி என் முழங்காலில் வைத்தாள்.

"எழுதிக் குடுங்க."

பேனாவை எடுத்தேன். பஸ் குலுங்கிய குலுக்கலில் எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. அனுமதிக்கப்படுகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். முகத்துக்கு அருகே பிடித்துப் படித்தாள்.

"தேதி போடலியே அப்பா" என்றாள்.

வாங்கித் தேதி போட்டேன்.