முப்பது சதவீதம் வரை

ஜோசப்ராஜ் ஆவடி டாங்க் ஃபேக்டரியில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நெமிலிச்சேரியில் வீடு. மனைவி ஹில்டா போய் ஒரு மாதம் ஆகிறது. நுரையீரல் சுருங்கும் நோய். கடைசி வருடம் முழுக்க, தோளில் மாட்டும் பை அளவிலான ஒரு ஆக்சிஜன் கருவிதான் அவளுக்குத் துணை. அவள் போனபின் அதைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்.

போர்ட் பிளேரில் இருக்கும் ஹில்டாவின் தங்கை எஸ்தருக்கும் அதே நோய். அங்கே கருவி கிடைக்கவில்லை. கருவி கப்பலில் போய்ச் சேரும் வரை அவள் தாங்கமாட்டாள். யாரும் கேட்பதற்கு முன்பே ஜோசப்ராஜ், அனுப்பிவிடலாம் என்றார்.

அம்பத்தூரில் டெஸ்டிங் இன்ஜினியராக இருக்கும் மகள் ஷாரன் பேட்டரியைக் கழற்றிக் கருவியோடு கூரியர் கடைக்குக் கொண்டுபோனாள். கடைக்கார வேம்புலி அதைப் பொருத்தித் திரையைப் பார்த்தான்.

"இன்னா மேடம், நூறு காட்டுது. பிளேன்ல ஏத்த மாட்டாங்க. ரூலு மாறிப்போச்சே."

கருவியோடு வைத்து விமானத்தில் அனுப்பும் லித்தியம் பேட்டரியில் முப்பது சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது. போன வருடம் வரை அது வெறும் பரிந்துரை. இந்த ஜனவரியிலிருந்து கட்டாயம்.

நூறு ஆக்கியது ஜோசப்ராஜ்தான். ஹில்டா இருந்தவரை பக்கத்து வீட்டுப் பாத்திரம்கூட அந்த வீட்டிலிருந்து வெறுமனே திரும்பிப் போனதில்லை. ஒரு பிடி சர்க்கரையாவது இருக்கும். அவள் தங்கைக்குப் போவது குறையாகப் போகலாமா?

அந்த பேட்டரி வேறெதற்கும் மின்சாரம் தராது. கருவியை ஓட்டித்தான் இறக்க வேண்டும். வீட்டுக்குத் திரும்பி ஷாரன் ஓடவிட்டாள். சற்று நேரத்தில் அது கத்த ஆரம்பித்தது. மூச்சை இழுத்தால்தான் அது காற்றுத் தரும். இழுக்க ஆள் இல்லையென்றால் கத்தும். ஹில்டா போன அன்று காலையும் இப்படித்தான் கத்தியது.

ஜோசப்ராஜ் எழுந்து வந்து குழாயைத் தன் மூக்கில் மாட்டிக்கொண்டார். சத்தம் நின்றது. நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு விட்டார். ஒவ்வொரு மூச்சுக்கும் கருவி ஒருமுறை தட்டியது. எண்கள் இறங்கின. ஷாரன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"இவ்ளோதான் காத்து வந்துச்சா அவளுக்கு?"

"டாக்டர் வெச்ச அளவு, டாடி."



இருபத்தொன்பது வந்ததும் போதும் என்றாள். அவர் கை பட்டனுக்குப் போகவில்லை.

"நீ ஆஃப் பண்ணும்மா. அன்னிக்கு நான்தான் பண்ணேன்."

அவர் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும்போதே அவள் அழுத்தினாள். பாதியில் காற்று நின்றது. அவர் வாயைத் திறந்துகொண்டு சற்று நேரம் அப்படியே இருந்தார்.

பெட்டியில் புதுக் குழாய் வைத்தாள். பழையதை அவள் குப்பைக்கு எடுத்தபோது அவர் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கூரியர் கடைக்குத் தானே போய்வருவதாக ஷாரன் சொன்னாள். அவர் கேட்கவில்லை. ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்து, குலுங்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.